சுட்ட களிமண்ணும் காற்றாலை மின்சாரமும்: சிமெண்டின் கார்பனை எங்கே குறைக்கலாம்?

அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளங்களின் சரிவில் நின்று பார்த்தால், மண்ணிலும் கல்லிலும் சிப்பி ஓடுகள் பதிந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். கிரெட்டேசியக் காலத்தில், அதாவது டைனோசர்கள் உலவிய காலத்தின் கடைசிக் கட்டத்தில், அந்த நிலம் கடலுக்கடியில் இருந்தது. கடல்நீரில் கரைந்திருந்த கரியமில வாயுவைச் சுண்ணத்தோடு சேர்த்துத் தங்கள் ஓடுகளாகக் கட்டிக்கொண்ட உயிர்கள் மடிந்து, படிந்து, இறுகியதே அந்தக் கல். ஆறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அதற்குள் பூட்டிக் கிடந்த வாயு, கல் சிமெண்ட் ஆலையின் சூளைக்குள் போன சிறிது நேரத்தில் விடுபட்டுக் காற்றில் கலந்துவிடுகிறது. சிமெண்ட் தொழிலின் காலநிலைச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு நிகழ்வில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 400 கோடி டன் சிமெண்ட் தயாராகிறது. மனிதச் செயல்களால் வெளியேறும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு இந்த ஒரு பொருளிலிருந்து வருகிறது. சீனாவுக்கு அடுத்தபடியாக அதிக சிமெண்ட் தயாரிக்கும் நாடு இந்தியா. இங்கே ஆண்டு உற்பத்தி 40 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. வீடும் பள்ளியும் பாலமும் இன்னும் போதுமான அளவு கட்டப்படாத நாட்டில் இந்த அளவு கூடத்தான் செய்யும், கூடவும் வேண்டும். ஆகவே சிமெண்டைக் குறைவாகப் பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை நமக்கு ஓரளவுக்குத்தான் பொருந்தும். தயாரிக்கும் முறையை மாற்றுவதே முதன்மையான வழி. அந்த மாற்றத்தில் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் எந்த இடத்தில் உண்மையாகவே உதவும், எந்த இடத்தில் உதவாது என்பதைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஆலையின் கூரையில் சூரியத் தகடு பதித்த படத்தைப் போட்டுப் ‘பசுமை சிமெண்ட்’ என்று அழைக்கும் வழக்கம் பெருகிவரும் இந்த நாளில் இந்தப் பிரிப்பு மிகவும் தேவை.

ஒரு மூட்டையின் கணக்கு

தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். எந்த எரிபொருளால் சுட்டாலும் இந்த விகிதம் மாறாது. ஏனென்றால் இது கல்லின் வேதியியல். அந்தச் சுண்ணாம்பைக் களிமண்ணின் சிலிக்காவோடும் அலுமினாவோடும் சேர்த்து 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுழல்சூளையில் சூடேற்றினால் கோலிக்குண்டு போன்ற கருஞ்சாம்பல் நிற உருண்டைகள் உருவாகின்றன. அதற்குப் பெயர் கிளிங்கர். கிளிங்கரோடு சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட், அதாவது கடைகளில் ‘ஓபிசி’ என்று கேட்டு வாங்குவது.

ஒரு டன் கிளிங்கர் உருவாகும்போது கல்லிலிருந்து மட்டும் சுமார் 520 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நவீன ஆலையில் ஒரு டன் கிளிங்கருக்குத் தோராயமாக 3.2 கிகாஜூல் வெப்பம் வேண்டும்; அதை நிலக்கரியால் கொடுத்தால் மேலும் 300 கிலோ. இந்த எண்களை 50 கிலோ மூட்டைக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஓபிசி மூட்டையில் ஏறக்குறைய 47.5 கிலோ கிளிங்கர் இருக்கிறது என்று கொண்டால், கல்லிலிருந்து 25 கிலோவும் எரிபொருளிலிருந்து 14 கிலோவுமாக மொத்தம் 39 கிலோ வாயு, அந்த மூட்டை ஆலையைவிட்டு வெளியே வருவதற்குள் காற்றில் கலந்துவிட்டது. அரைவை இயந்திரங்களுக்கான மின்சாரத்தையும் லாரிப் போக்குவரத்தையும் இதில் நான் சேர்க்கவில்லை. அவை ஒப்பளவில் சிறியவை.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் ஒன்று புலப்படும். அரைவைக்கான மின்சாரம் முழுவதையும் காற்றாலையிலிருந்து எடுத்தாலும் 39 கிலோ என்ற எண் அசையாது. சூளைக்கான வெப்பத்தையும் மின்சாரத்தால் கொடுத்தால் 14 கிலோ குறையும். 25 கிலோ அப்படியே நிற்கும்.

சூளையை மின்மயமாக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 3.2 கிகாஜூல் என்பது ஏறக்குறைய 890 யூனிட் மின்சாரம். ஆண்டுக்கு 10 லட்சம் டன் கிளிங்கர் தரும் ஒரு நடுத்தரச் சூளைக்கு 89 கோடி யூனிட் வேண்டும். அதாவது ஆண்டு முழுவதும், இரவும் பகலும், இடைவிடாமல் 100 மெகாவாட். சூரியத் தகடுகள் தங்கள் முழுத் திறனில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் ஆண்டுச் சராசரியாகத் தரும் என்பதால், அந்த ஒரு சூளைக்காக 500 மெகாவாட் அளவுக்குத் தகடுகளும், இரவுக்கான சேமிப்பும் அமைக்க வேண்டும். யூனிட் 4 ரூபாய்க்குக் கிடைத்தாலும் ஒரு டன் கிளிங்கருக்கு மின்செலவு மட்டும் 3,500 ரூபாயைத் தாண்டும். ஒரு மூட்டை 350 ரூபாய் என்றால் ஒரு டன் சிமெண்டின் விலையே 7,000 ரூபாய்தான். இவ்வளவு செலவு செய்த பிறகும் கல்லிலிருந்து வரும் வாயு நிற்காது. இதனால் சூளையை மின்மயமாக்கும் முயற்சிகள் பயனற்றவை என்று சொல்லவரவில்லை. எரிபொருள் புகை கலக்காமல், வெளிவரும் வாயு ஏறக்குறையத் தூய கரியமில வாயுவாக இருந்தால் அதைப் பிடித்து அடைப்பது எளிது. அந்தக் காரணத்துக்காகவே ஐரோப்பாவில் இந்த ஆய்வு தீவிரமாக நடக்கிறது. ஆனால் அது இரண்டாவது படி. முதல் படி வேறிடத்தில் இருக்கிறது.

உலகம் தேடும் வழிகள்

நார்வேயில் பிரெவிக் என்னும் ஊரிலுள்ள ஹைடல்பெர்க் மெட்டீரியல்ஸ் ஆலை, ஆண்டுக்கு 4 லட்சம் டன் கரியமில வாயுவைப் பிடித்து, திரவமாக்கி, கப்பலில் ஏற்றி, வடகடலின் அடிப்பாறைகளுக்குள் செலுத்தும் ஏற்பாட்டை 2025 ஜூனில் தொடங்கியது. ஒரு முழு அளவு சிமெண்ட் ஆலையில் இப்படிச் செய்வது உலகிலேயே அதுதான் முதல் முறை. அதன் மூலம் அந்த ஆலையின் வெளியீட்டில் பாதி அடைபடுகிறது. அரசின் பெரும் நிதியுதவியும், அருகிலேயே கடலடிச் சேமிப்பிடமும் இருந்ததால் அங்கே இது நடந்தது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த சப்ளைம் சிஸ்டம்ஸ் நிறுவனம் நெருப்பையே விலக்கிவிட்டது. லியா எல்லிஸும் யெட்-மிங் சியாங்கும் தொடங்கிய இந்த நிறுவனத்தின் முறையில், மின்பகுப்புக் கலத்தில் உருவாகும் அமிலத்தையும் காரத்தையும் கொண்டு, சுண்ணம் உள்ள தாதுக்களிலிருந்து சாதாரண வெப்பநிலையிலேயே சுண்ணாம்பு பிரிக்கப்படுகிறது. கார்பன் இல்லாத தாதுவை எடுத்துக்கொண்டால் கல்லிலிருந்து வரும் வாயுவும் இல்லை, நிலக்கரியும் இல்லை. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் இயங்கும் சிமெண்ட் என்ற சொற்றொடருக்கு முழுப் பொருளில் தகுதியானது இதுதான். அவர்களின் முதல் வணிக ஆலைக்கு அமெரிக்க எரிசக்தித் துறை ஒதுக்கியிருந்த 8.7 கோடி டாலர் உதவி 2025 மே மாதத்தில் ரத்து செய்யப்பட்டது. அறிவியல் சரியாக இருந்தும் கொள்கை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அது வருத்தம் தரும் சான்று.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டிலிருந்து பழைய சிமெண்ட் பசையைப் பிரித்தெடுத்து, இரும்புக் கழிவை உருக்கும் மின்வில் உலையில் வழக்கமாகப் போடும் சுண்ணாம்புக்குப் பதிலாக அதைப் போடுகிறார்கள். எஃகு உருகும் வெப்பத்தில் அது மீண்டும் கிளிங்கராக மாறி மேலே மிதக்கிறது. அந்தப் பசையில் இருந்த கல் வாயு ஏற்கெனவே வெளியேறிவிட்டதால் புதிதாக எதுவும் வெளியேறுவதில்லை. 2024இல் ‘நேச்சர்’ இதழில் இதன் முடிவுகள் வெளிவந்தன. எனினும் உருக்கப்படும் எஃகின் அளவுக்குத்தான் இந்தச் சிமெண்ட் கிடைக்கும். இடிப்பதற்குப் பழைய கட்டடங்களும் ஏராளமாக இருக்க வேண்டும். நம் நாட்டின் தேவைக்கு இது ஓர் ஓரத்தை நிரப்பலாம், அவ்வளவுதான்.

பழைய சுர்க்கி, புதிய கலவை

நம் நாட்டுக்கு இன்றே கைக்கெட்டும் தூரத்தில் உள்ள வழி, கிளிங்கரின் அளவைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தைச் சுட்ட களிமண்ணாலும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியாலும் நிரப்புவது. ‘எல்சி3’ என்று பொறியாளர்கள் அழைக்கும் இந்தச் சிமெண்டில் வழக்கமான விகிதம்: கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்துத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் கேரன் ஸ்க்ரிவனர், கியூபாவின் ஃபெர்னாண்டோ மார்ட்டிரெனா, டெல்லி, சென்னை, மும்பை ஐஐடிகளின் ஆய்வாளர்கள், டெல்லியைச் சேர்ந்த ‘தாரா’ அமைப்பு ஆகியோர் சுவிஸ் அரசின் உதவியோடு பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்து இதை உருவாக்கினார்கள். ஜான்சியில் இந்தச் சிமெண்டால் ஒரு மாதிரி வீடு கட்டிக் காட்டப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023இல் இதற்கென ஐஎஸ் 18189 என்ற தர விதியை வெளியிட்டது.

சுட்ட களிமண்ணைச் சுண்ணாம்போடு சேர்ப்பது நமக்குப் புதிதன்று. செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்புக் காரையில் கலப்பதைச் சுர்க்கி என்று நம் கொத்தனார்கள் அறிவார்கள். பென்னிகுவிக் கட்டி 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் காரை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்ததுதான். விடுதலைக்குப் பிறகும் சுட்ட களிமண் பொடிக்கும், அதைக் கலந்த சிமெண்டுக்கும் இந்தியத் தர விதிகள் இருந்தன. பின்னர் அனல்மின் நிலையங்களின் உலர் சாம்பல் கொட்டிக் கிடந்ததால், களிமண்ணைச் சுடும் செலவை யாரும் விரும்பவில்லை. சாம்பல் கலந்த ‘பிபிசி’ சிமெண்ட் சந்தையைப் பிடித்துக்கொண்டது.

எல்சி3இல் புதிது என்னவென்றால், சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும் ஒன்றுக்கொன்று உதவும் விதம். களிமண்ணிலுள்ள அலுமினா, கல்லிலுள்ள கார்பனேட்டோடும் கிளிங்கர் நீரேறும்போது வெளிவரும் சுண்ணாம்போடும் வினைபுரிந்து கார்போ அலுமினேட் என்னும் படிகங்களாகிறது. அவை கலவையின் நுண்துளைகளை அடைத்து இறுக்குகின்றன. சுட்ட களிமண்ணை மட்டும் சேர்த்தால் கிளிங்கரை இந்த அளவுக்குக் குறைக்க முடியாது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: மூட்டைக்குள் போகும் அந்த ஏழரைக் கிலோ சுண்ணாம்புக்கல் சூளையைப் பார்ப்பதே இல்லை. அதற்குள் இருக்கும் வாயு, அரியலூர்ச் சிப்பி கட்டிவைத்தபடியே, கட்டடத்துக்குள் போய்த் தங்கிவிடுகிறது.

களிமண்ணைச் சுடும்போது என்ன நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்க்கலாம். தேவையான களிமண் வகை காவோலின். வெண்களிமண், சீனக் களிமண் என்றும் சொல்வார்கள். காய்ந்த கட்டி ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். நிலத்தில் மண்ணைத் தேடுபவர்கள் செய்யும் முதல் எளிய சோதனை அதுதான். தூய காவோலின் 100 கிராமை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால் 86 கிராம் மிஞ்சும். போன 14 கிராம் வெறும் நீராவி. சுண்ணாம்புக்கல் சூட்டுக்குக் கொடுக்கும் விலை கரியமில வாயு; களிமண் கொடுக்கும் விலை தண்ணீர். எல்சி3இன் காலநிலை நன்மை பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது.

சூட்டில் பக்குவம் தவறக்கூடாது. 700 டிகிரிக்குக் கீழே மண் வேகாது. 900 டிகிரியைத் தாண்டி ஏறஏற அது மறுபடி படிகமாகி, சுண்ணாம்போடு சேரும் ஆற்றலை இழந்து செத்த மண்ணாகிவிடும். மண்ணில் 40 விழுக்காட்டுக்கு மேல் காவோலின் இருந்தால் போதும் என்பது ஆய்வில் கிடைத்த பெரிய ஆறுதல். காகிதத்துக்கும் பீங்கானுக்கும் வெண்மை வேண்டும். இரும்புக் கறை படிந்த மண்ணை அந்தத் தொழில்கள் ஒதுக்கிவிடும். சிமெண்டுக்கு அந்தக் கறை தடையில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண் அடுக்குகளில் வெண்களிமண் கிடைக்கிறது. அதை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. விருத்தாசலமும் அரியலூரும் ஒரே ரயில் பாதையில் இருப்பவை. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் இவ்வளவு அருகருகே அமைவது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. எந்த மண் தகுதியானது என்பதை ஒவ்வொரு இடத்திலும் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றாலும், ஒதுக்கப்பட்ட மண் குவியல்களிலிருந்து தேடலைத் தொடங்குவது நியாயமானது.

கொத்தனாரின் கையில்

கட்டட வேலையில் புதிய சிமெண்ட் ஒன்று நிலைக்குமா என்பதை ஆய்வுக்கூடத்தைவிடக் கரண்டி பிடிப்பவரின் கைதான் முடிவுசெய்கிறது. மூட்டையைப் பிரித்ததும் பொடியை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, ‘இது சத்தான சிமெண்ட்’ என்றோ ‘மண் கலந்திருக்கிறது’ என்றோ சொல்லும் கொத்தனார்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கருஞ்சாம்பல் நிறமே வலிமையின் அடையாளம் என்பது ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. சுட்ட களிமண்ணில் இரும்பு இருந்தால் சிமெண்ட் இளஞ்சிவப்பாக மாறும். வலிமையில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் அந்த மூட்டையை வேலையிடத்தில் ஏற்றுக்கொள்ள வைப்பது கடினம். சுட்ட மண்ணை ஆறவைக்கும்போது ஆக்சிஜன் குறைந்த சூழலில் வைத்தால் இரும்பின் நிறம் சாம்பலாகிவிடும். ஆலைகள் இந்த உத்தியைக் கையாள்கின்றன. கொத்தனாரின் நம்பிக்கையைப் பழிப்பதில் பொருளில்லை. கலப்படத்தைக் கண்டுபிடிக்க அவரிடம் இருக்கும் ஒரே கருவி அவருடைய கண்ணும் கையும்தான்.

இரண்டாவது வேறுபாடு தண்ணீர். சுட்ட களிமண் மிக நுண்ணியது. அதனால் கலவை இறுக்கமாகத் தோன்றும். வழக்கம்போல ஒரு வாளி தண்ணீரைக் கூட ஊற்றிவிட்டால் வலிமை போய்விடும். இதற்கெனக் கலவையை இளக்கும் மருந்து சேர்க்க வேண்டும். ஆயத்தக் கலவை ஆலைகளில் இது அன்றாட வழக்கம், சிறு வீட்டு வேலைகளில் இன்னும் வழக்கமாகவில்லை. வலிமையைப் பொறுத்தவரை, முதல் நாளில் எல்சி3 சற்றுப் பின்தங்கினாலும் ஏழாம் நாளுக்குள் ஓபிசியை எட்டிப்பிடித்துவிடும். சாம்பல் கலந்த பிபிசி அவ்வளவு விரைவாக வலுப்பெறாது. பலகை பிரிக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒப்பந்ததாரருக்கு இது முக்கியமான செய்தி.

உழைக்கும் காலத்தில் இந்தச் சிமெண்டுக்கு ஒரு பெரிய நன்மையும் ஒரு பலவீனமும் உண்டு. நுண்துளைகள் அடைபடுவதால் கடல் உப்பு உள்ளே புகுந்து கம்பியை அரிப்பது வெகுவாகக் குறைகிறது. சென்னை ஐஐடியில் மனு சந்தானம், ரவீந்திர கெட்டு ஆகியோர் இருக்கும் துறையில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கொண்ட தமிழ்நாட்டில், கட்டிய சில ஆண்டுகளிலேயே கம்பி துருப்பிடித்துச் சுவர் பெயர்ந்துவிழும் கடலோர வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். பலவீனம் என்னவென்றால், கலவையில் மிச்சச் சுண்ணாம்பு குறைவாக இருப்பதால், காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊடுருவும் வேகம் ஓபிசியைவிட அதிகம்; அது கம்பிவரை எட்டினால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். கம்பிக்கு மேல் போதிய கனத்துக்குக் கான்கிரீட் மூடாமல் விட்டாலும், தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதை இரண்டே நாளில் நிறுத்திவிட்டாலும், இந்தச் சிமெண்ட் அதைப் பொறுத்துக்கொள்ளாது. நம் ஊரில் பெரிதும் அலட்சியப்படுத்தப்படும் வேலை இந்தத் தண்ணீர் விடுதல்தான் என்பதால், இதை மூட்டையின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேர்மையாக ஒப்பிட்டால்

எல்சி3 கரியமில வாயுவை 40 விழுக்காடு வரை குறைக்கும் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. மேலே சொன்ன எண்களையே வைத்துப் பார்த்தால், 25 கிலோ கிளிங்கரில் கல்லிலிருந்து 13 கிலோ, எரிபொருளிலிருந்து ஏறக்குறைய 8 கிலோ, களிமண்ணை நிலக்கரியால் சுட்டால் 3 கிலோ, ஆக மொத்தம் 24 கிலோ. 39இலிருந்து 24 என்பது ஏறக்குறைய அந்த 40 விழுக்காடுதான். ஆனால் அது ஓபிசியோடு ஒப்பிட்ட கணக்கு. இந்தியாவில் அதிகம் விற்பது பிபிசி. விதி அனுமதிக்கும் உச்ச அளவான 35 விழுக்காடு சாம்பல் கலந்த பிபிசி மூட்டையில் 30 கிலோ கிளிங்கர் இருந்தால், அதன் கணக்கு 25 கிலோ. வேறுபாடு ஒரே கிலோ.

இதைச் சொல்லாமல் எல்சி3ஐப் புகழ்வது வாசகரை ஏமாற்றுவதாகும். அப்படியானால் எதற்காக இந்தப் பாடு? சாம்பலும் இரும்பாலைக் கசடும் பிறர் தொழிலின் மிச்சம் என்பதே காரணம். நல்ல கசடு முழுவதும் ஏற்கெனவே சிமெண்டுக்குப் போய்விடுகிறது. நிலக்கரி மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது நாட்டின் குறிக்கோளாக இருக்கும்போது, நிலக்கரிச் சாம்பலை நம்பிச் சிமெண்டின் எதிர்காலத்தைத் திட்டமிட முடியாது. மேலும் விரைவான வலிமை வேண்டும் என்பதற்காகவே பாலம், உயர்மாடி, முன்வார்ப்புத் தூண் போன்றவற்றுக்கு இன்னும் ஓபிசி கேட்கிறார்கள். அந்த இடத்தை எல்சி3 பிடிக்க முடியும். மூன்றாவது காரணமே இந்தக் கட்டுரையின் மையம்: களிமண்ணைச் சுடும் வெப்பத்தை மின்சாரத்தால் கொடுப்பது, கிளிங்கர்ச் சூளையை மின்மயமாக்குவதைவிடப் பல மடங்கு எளிது.

காற்று அடிக்கும் மாதங்களில் சுடும் மண்

1,450 டிகிரிக்கு மின்சாரத்தால் கல்லைச் சூடேற்றுவது இன்னும் பரிசோதனைக் கட்டத்தில் இருக்கிறது. 800 டிகிரி அப்படியன்று. மின்கம்பிச் சுருளால் சூடேறிய காற்று அந்த வெப்பநிலையைத் தொழிற்சாலைகளில் அன்றாடம் எட்டுகிறது. டென்மார்க்கின் எஃப்எல்ஸ்மித் நிறுவனம் ‘ஈக்கோகிளே’ என்ற திட்டத்தில் களிமண்ணை முழுக்க மின்சாரத்தால் சுடும் முறையை உருவாக்கத் தொடங்கியது. பின்லாந்தின் கூல்புரூக் நிறுவனம், விமான எஞ்சினைப்போல் சுழலும் இலைகளால் வாயுவை மிகை வேகத்தில் தள்ளித் திடீரெனத் தடுத்து, அந்த அதிர்ச்சியிலேயே வெப்பம் உண்டாக்கும் கருவியைச் செய்கிறது. இந்தியாவின் அல்ட்ராடெக் அதனோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் செங்கல் அடுக்கைச் சிவக்கச் சூடேற்றி வைத்து, பிறகு அந்த வெப்பத்தைக் காற்றால் எடுத்துப் பயன்படுத்தும் வெப்பக் கிடங்குகளும் வந்துவிட்டன. 800 டிகிரி என்பது அவற்றுக்கு வசதியான எல்லைக்குள் இருக்கிறது. மின்சாரத்தால் சுடும்போது வெப்பநிலையைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த முடிவதால், மண் வேகாமல் போவதும் மிகுதியாக வெந்து செத்துப்போவதும் குறையும். வெளிவருவது நிலக்கரிப் புகை கலக்காத நீராவி என்பதால் அதன் வெப்பத்தையும் மீட்டெடுக்கலாம். நிறத்தைச் சாம்பலாக்க வேண்டிய ஆக்சிஜன் குறைந்த சூழலை மட்டும் தனியாக ஏற்படுத்த வேண்டியிருக்கும்.

ஒரு டன் மண்ணைச் சுட 600 யூனிட் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரு மூட்டை எல்சி3க்கு வேண்டிய 15 கிலோ மண்ணுக்கு 9 யூனிட் போதும். ஓபிசி மூட்டையின் சூளை வெப்பம் முழுவதையும் மின்சாரத்தால் கொடுத்தால் 42 யூனிட் ஆகும். 9 யூனிட் காற்றாலை மின்சாரத்தால் மூட்டையின் கரியமில வாயு 24இலிருந்து 21 கிலோவாகும். மீதமுள்ள கிளிங்கரின் வெப்பத்தையும் ஒருநாள் மாற்ற முடிந்தால் 13. அதற்குக் கீழே போக பிரெவிக் போன்ற ஏற்பாடோ சப்ளைம் போன்ற வேதியியலோ வேண்டும்.

தமிழ்நாட்டின் சிமெண்ட் ஆலைகளுக்குக் காற்றாலை அயலானதன்று. இன்று ராம்கோ சிமெண்ட்ஸ் எனப்படும் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் 1990களிலேயே முப்பந்தலில் காற்றாலைகளை நிறுவியது. மாநிலத்தின் காற்றாலைத் திறன் இப்போது 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கேயும் ஆடிக்காற்று வீசும் மாதங்களில் மின்சாரம் பெருகி, சில வேளைகளில் கம்பிவடம் ஏற்க முடியாமல் காற்றாலைகளை நிறுத்திவைக்கச் சொல்லும் நிலை வருகிறது. ஐப்பசிக்குப் பிறகு அதே இறக்கைகள் சோம்பி நிற்கின்றன.

கிளிங்கர்ச் சூளையை இந்தத் தாளத்துக்கு ஆட்டுவிக்க முடியாது. அதை அடிக்கடி ஆறவிட்டுச் சூடேற்றினால் உள்ளே பதித்த தீச்செங்கல் வெடித்துவிடும். பல வாரங்கள் தொடர்ந்து எரிவதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது. தாழ்ந்த வெப்பத்தில் இயங்கும் களிமண் உலையைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் எளிது. சுட்ட மண்ணைப் பொடியாக்கி ஈரம் படாமல் கிடங்கில் கொட்டிவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நீர் பட்டாலும் சிமெண்டைப்போல் தானாக இறுகிப்போகாது. எனவே ஆனியிலிருந்து புரட்டாசி வரை இரவும் பகலும் காற்றாலை மின்சாரத்தால் மண்ணைச் சுட்டுக் குவித்து, மற்ற மாதங்களில் நண்பகல் சூரிய மின்சாரத்தால் மட்டும் உலையை ஓட்டலாம். விலை உயர்ந்த மின்கலங்களில் சேமிப்பதற்குப் பதிலாக, காற்றைச் சுட்ட மண்ணாகவே சேமிப்பது இது.

இதற்குத் தடையாக நிற்பது உலையின் முதலீடு. ஆண்டில் பாதி நேரம் சும்மா இருக்கும் உலைக்குக் கொட்டிய பணம் திரும்ப நீண்ட காலமாகும். மலிவு மின்சாரத்தில் கிடைக்கும் இலாபம் அதை ஈடுகட்ட வேண்டும். நிலக்கரியால் சுடும் மண்ணோடு போட்டியிட வேண்டுமானால், காற்று மிகுந்த மாதங்களின் நள்ளிரவு மின்சாரம், வீணாக நிறுத்தப்படும் மின்சாரத்தின் விலையில், ஆலையின் வாயிலுக்கு வந்து சேர வேண்டும். நேரத்துக்கு ஏற்ற கட்டணம் தொழிற்சாலைகளுக்கு ஏற்கெனவே உண்டு. பருவத்துக்கு ஏற்ற கட்டணமும், திடீரென நிறுத்திக்கொள்ளச் சம்மதிக்கும் நுகர்வோருக்குச் சலுகையும் அதோடு சேர வேண்டும். 2025 அக்டோபரில் இந்திய அரசு சிமெண்ட் ஆலைகள் பலவற்றுக்கும் தனித்தனியே ஒரு டன்னுக்கு இவ்வளவு வெளியீடு என்ற இலக்கை அறிவித்து, இலக்கைத் தாண்டிக் குறைப்பவர்கள் அதைச் சான்றிதழாக விற்கலாம் என்று விதி வகுத்திருக்கிறது. மேலே பார்த்த மூட்டைக் கணக்கில் மின்சாரத்தால் சுடுவதால் குறைவது மூன்று கிலோ. ஒரு டன் சிமெண்டுக்கு 60 கிலோ. அந்த 60 கிலோவுக்குச் சந்தையில் கிடைக்கும் தொகையும், நிறுத்தப்படும் காற்றாலை மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் வைக்கும் விலையும் சேர்ந்துதான் அரியலூரில் முதல் மின் களிமண் உலை எப்போது எழும் என்பதைத் தீர்மானிக்கும்.